சிவப்புக் கோட்டுக்குக் கீழே

அத்தியாயம் 14

கனகா அந்த வார்த்தையைச் சொல்லி மூன்று நாள் ஆகியும் வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தபோது சொன்னாள். "இந்தப் பக்கத்து கவர்மெண்ட் ஸ்கூலுங்க பத்தாவது ரிசல்ட்டுல மாநில சராசரியக்கூட தொடல அண்ணி. உங்க ஸ்கூலு அதுலயும் கீழ. அங்க போய் வெண்பாவ சேர்க்கச் சொல்றீங்களே?" சொன்னதோடு விடாமல் செல்போனை எடுத்து, மாநிலம் இவ்வளவு, நம் வட்டாரம் இவ்வளவு, உங்கள் பள்ளி இவ்வளவு என்று வாசித்தும் காட்டினாள்.

அம்புஜவல்லி மீன் துண்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு நான்கு வருஷமாக அவள்தான் தலைமையாசிரியை.

அவள் தம்பி, கனகாவின் கணவன் பாலகிருஷ்ணன், இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தான். ரயில்வேயில் கார்டு. கல்யாணமான நாளிலிருந்து சென்னையை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த மனைவி, ஏப்ரல் மாதம் திடீரென்று "உங்க ஊருக்கே மாத்தல் கேளுங்க" என்றதும் சந்தோஷத்தில் காரணம்கூடக் கேட்காமல் எழுதிக் கொடுத்தவன். விருத்தாசலம் ஜங்ஷனிலேயே வேலை. அக்கா வீட்டு மாடியிலேயே குடித்தனம்.

காரணம் கனகாவுக்குத் தெரியும். மகள் வெண்பாவுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை அம்புஜவல்லி ஸ்கூட்டரை வெளியே எடுக்கும்போது கனகா படியிறங்கி வந்தாள். பின்னாலேயே வெண்பா, தலைக்கு எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய ஜடையோடு. பைபாஸ் பக்கம் இருக்கும் தனியார் பள்ளியில் அன்றைக்கு அவளுக்கு நுழைவுத் தேர்வு.

"அண்ணி, அன்னைக்கு நான் பேசினது..."

"அத வுடு. நீ ஒண்ணும் பொய்யா சொல்லல. எனக்கு மீட்டிங்கு இருக்குது, வரேன்."

"சாப்பிட்டீங்களா?"

"வழியில பாத்துக்கறேன்."

வெண்பா அத்தையையே பார்த்தாள். வழக்கமாக அவள் கன்னத்தைத் தட்டாமல் அம்புஜவல்லி கிளம்ப மாட்டாள். அன்றைக்குத் தட்டவில்லை.

பாலக்கரை தாண்டியதும் அம்புஜவல்லி வண்டியை ஓரம் கட்டினாள். ஒரு டீக்கடை வாசலில் நின்றபடியே பத்தாம் வகுப்பு ஆசிரியர் கார்முகிலுக்குப் போன் போட்டாள்.

"சாமிதுரை சார் அவரு ஸ்கூல்ல பண்ற யோசனைய பத்தி போன வாரம் பேசினோமில்ல?"

"நீங்கதான் வேணாம்னீங்க மேடம்."

"இப்ப சொல்றேன். ஒன்பதாவதுல ரொம்ப பின்தங்கி வந்திருக்காங்களே, அந்த மூணு பேரு. வூட்டாளுங்கள கூப்பிட்டுப் பேசுங்க. டி.சி. வாங்கிக்கட்டும். மெதுவா படிச்சு, பிரைவேட்டா எழுதிக்கலாம்னு சொல்லுங்க."

"துர்காவையுமா மேடம்? அது ஒரு நாள்கூட லீவு போடாத பொண்ணு."

"லீவு போடாததுக்கு மார்க்கு போட மாட்டாங்க கார்முகில். டி.சி. எல்லாம் நேத்தே கையெழுத்துப் போட்டு என் மேஜையில வச்சிருக்கேன். பேசிடுங்க."

போனை வைத்த பிறகு டீயை வாங்கினாள். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டாள்.

இரண்டு வருஷமாக அவள் பள்ளி மாநில சராசரிக்குக் கீழேதான். போன வருஷம் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தாள். அப்போதெல்லாம் தூக்கம் கெடவில்லை. வீட்டுக்குள் வைத்து, தம்பி மகள் எதிரில் தம்பி மனைவி வாசித்துக் காட்டியதுதான் கெடுத்தது.

*

தனியார் பள்ளி வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். வரிசையாகப் பிள்ளைகள் படம், மேலே நூறு சதவீதம் என்று கொட்டை எழுத்து. கனகா அதன் கீழே நின்று மகளுடைய துப்பட்டாவைச் சரி செய்தாள்.

"தெரிஞ்சத மொதல்ல எழுது. கணக்குல ஒண்ணும் வரலேன்னா அப்படியே வுட்டுடாத, பாதியாவது போட்டு வை. என்ன?"

"ம்."

"வாயத் தொறந்து சொல்லு."

"எழுதறேம்மா."

ஒரு மணி நேரம் பரீட்சை என்றார்கள். கால் மணிக்குள் ஒரு டீச்சர் வெளியே வந்து, "வெண்பா அம்மா யாருங்க?" என்று கேட்டதும் கனகா அவசரமாக அவள் பின்னால் போனாள்.

உள்ளே தாளாளர் பழமலைநாதன் உட்கார்ந்திருந்தார். மரியாதையான மனிதர், எழுந்து நின்றே வணக்கம் சொன்னார். மேஜை மேல் வெண்பாவின் பரீட்சைத் தாள் இருந்தது. அதில் அவள் பெயர் மட்டும் இருந்தது. மற்றபடி வெள்ளையாகக் கிடந்தது.

"ஒடம்புக்கு முடியலியாம்மா பாப்பாவுக்கு?"

கனகா தாளைப் புரட்டிப் பார்த்தாள். வெண்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்க. எங்களுது நூறு சதவீதம் காட்டுற ஸ்கூலு. பத்தாவதுக்கு இப்படி ஒரு பிள்ளைய எடுத்தா எங்களுக்கும் கஷ்டம், அதுக்கும் கஷ்டம்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க நாத்தனாரு எச்.எம்.மா இருக்காங்கல்ல? அங்க சேர்த்துடுங்களேன். அவங்க யாரையும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

வெயிலில் ரோட்டுக்கு வந்ததும் கனகா மகளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏண்டி? ஒரு வரி எழுத முடியல உனக்கு? தமிழ்கூடவா தெரியாது?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதல?"

ஒரு கரும்பு டிராக்டர் பக்கத்தில் ஊர்ந்து போனது. அது போகும்வரை வெண்பா காத்திருந்தாள்.

"எழுதினா சேர்த்துப்பாங்க. சேர்த்துட்டு அரைப் பரீட்சை வந்ததும், மெட்ராஸ்ல பண்ண மாதிரியே அம்மாவ கூட்டிட்டு வான்னு சொல்லுவாங்க. பாஸ் போட்டுடறோம், ஆனா பத்தாவது எங்க ஸ்கூல்ல வேணாம்னு அங்க சொன்னாங்க, இங்க பரீட்சையே எழுத வேணாம்னு சொல்லுவாங்க. மறுபடியும் நீ அழுவ. மறுபடியும் அப்பாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்குவ. ஒரு தடவ போதும்மா எனக்கு."

கனகா கை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த இடைவெளியில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. வெண்பா அதில் ஏறிவிட்டாள். தொழிற்பேட்டை, தொழிற்பேட்டை என்று கத்திக்கொண்டே அது கிளம்பிப் போய்விட்டது.

*

ஆய்வுக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் வெள்ளைத் திரை. திரையில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நீலக் கட்டம். எல்லாவற்றுக்கும் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு சிவப்புக் கோடு, அது மாநில சராசரி. கோட்டைத் தொடாத பள்ளிகளின் தலைமையாசிரியர்களை ஒவ்வொருவராக எழுப்பினார்கள்.

அம்புஜவல்லி எழுந்து நின்றாள்.

"ரெண்டு வருஷமா கீழதான் நிக்குறீங்க. என்னம்மா காரணம்?" மேடையில் இருந்த அதிகாரிக்கு இளவயது. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எங்க ஸ்கூல்ல பேரு இருக்குற எல்லாப் பிள்ளைங்களும் எழுதினாங்க சார். ஒருத்தரையும் நாங்க நிறுத்தல."

போன வருஷம் எழுதிக் கொடுத்த பதில் அது. பழக்கத்தில் வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான், அது இன்று காலைவரைதான் உண்மை என்பது அவளுக்கு உறைத்தது. காதெல்லாம் சூடேறியது. அதிகாரி ஏதோ சொன்னார், தலையாட்டினாள், உட்கார்ந்தாள்.

பக்கத்து நாற்காலியில் சாமிதுரை. பெண்ணாடம் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியர். இந்த வருஷம் கோட்டைத் தாண்டிவிட்டவர்.

"உனக்கு இன்னும் பொழைக்கத் தெரியல அம்புஜம்," என்று காதோரம் சொன்னார். "எழுதினவங்கள வச்சுத்தான் சதவீதம். பேரே இல்லாதவன எவன் எண்ணப் போறான்?"

"அந்தப் பிள்ளைங்க இப்ப என்னா பண்ணுதுங்க சார்?"

"எந்தப் பிள்ளைங்க?"

"நீங்க நிறுத்தினீங்களே."

சாமிதுரை யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியலியேம்மா. ஒருத்தன் கரும்பு வெட்டப் போறான்னாங்க. மத்தவங்க... நான் கேட்டுக்கல." அப்புறம் கொஞ்சம் கோபத்தோடு, "நான் மட்டுமா பண்றேன்?" என்றார்.

அம்புஜவல்லி செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கார்முகிலுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். உள்ளே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், பிரியாணி வாசனை வந்தது. அவள் ஸ்கூட்டரைத் தேடிப் போனாள்.

*

திங்கட்கிழமைதான் பள்ளி திறக்கிறது என்றாலும் வெண்பா போனபோது கேட் திறந்திருந்தது. பக்கத்து யூனிட்டில் சூளை எரிந்துகொண்டிருந்ததால் காற்றே அனலாக இருந்தது. அத்தை இல்லை. அலுவலக அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவளுடைய அம்மா, கையிலும் கூந்தலிலும் வெள்ளைக் களிமண் தூசியோடு, வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்தவள், கார்முகில் சாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீ புதுசா சேரப் போறியா?" என்று பெஞ்சில் இருந்தவள் கேட்டாள்.

"ஆமா. பத்தாவது. நீ?"

"நானும் பத்தாவதுதான். இல்ல, இப்ப இல்ல." அவள் சிரிக்கப் பார்த்தாள். "எனக்கு டி.சி. குடுக்குறாங்க. எங்கக்கா திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்குது. மதியம் சேலம் வண்டிக்கே கூட்டிட்டுப் போறேன்னு அம்மா சொல்லுது. இங்க சும்மா கெடந்து என்னா பண்றதுன்னு."

"ஏன், நீ ஃபெயிலா?"

"பாஸுதான். ஆனா பத்தாவதுல தேற மாட்டேனாம்."

வெண்பாவுக்கு எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது. ஆனால் ஓடுவதற்கு இனி வேறு பள்ளி இல்லை.

அம்புஜவல்லி வந்து சேர்ந்தபோது பெஞ்சில் வெண்பா மட்டும்தான் இருந்தாள். ஊரெல்லாம் தேடி அலைந்த கனகா அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். கார்முகில் அறைவாசலில் வந்து நின்றான்.

"போன் கிளாஸ் ரூம்ல இருந்துச்சு மேடம், பார்க்கல. மத்த ரெண்டு பேரு வூட்ல யோசிச்சு சொல்றோம்னாங்க. ஆராயி மட்டும்..." அவன் நிறுத்தினான். "துர்காவோட அம்மா. டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கே சேலம் வண்டியில ஏத்தி திருப்பூருக்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். சண்டை போடுவாங்கன்னு நெனச்சேன் மேடம். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க."

அம்புஜவல்லி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை," என்றாள் வெண்பா. "என்னச் சேர்த்தா உங்க சதவீதமும் கொறையும்ல?"

"வெண்பா, வாய மூடு," என்றாள் கனகா.

"நீ இரு கனகா. என்னாடி சொல்ற?"

"எனக்கும் இப்படித்தான் குடுத்தாங்க அத்தை. மெட்ராஸ்ல. மாத்தல் வந்ததால நாங்க இங்க வரல. அந்த ஸ்கூல்ல வேணாம்னு சொன்னதாலதான் அம்மா அப்பாவ மாத்தல் கேக்க வச்சாங்க. நீங்க யாரையும் வேணாம்னு சொல்ல மாட்டீங்கன்னு காலையில அந்த பிரைவேட் ஸ்கூல் சாரு சொன்னாரு. அதான் வந்தேன்."

பக்கத்து யூனிட்டில் பெட்டி ஏற்றும் லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது.

கனகா தலை நிமிரவே இல்லை. "அன்னைக்கு அப்படிப் பேசினேனே அண்ணி," என்றாள். "உங்க ஸ்கூல சொன்னா, எங்க வூட்டு விஷயத்த யாரும் கேக்க மாட்டாங்கன்னு..."

அம்புஜவல்லிக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. காலையில் டீக்கடை வாசலில் நின்று தான் பேசிய குரல்தான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அதே குரலில் எங்கேயோ ஒரு பெரிய பள்ளியில் யாரோ ஒரு தலைமையாசிரியை இந்தப் பெண்ணிடமும் பேசியிருப்பாள்.

"கார்முகில், மத்த ரெண்டு வூட்டுக்கும் நீங்களே நேர்ல போங்க. திங்கக்கெழம ஸ்கூல் தொறக்கும்போது பிள்ளைங்க வரணும்னு சொல்லுங்க. எச்.எம். தப்பா சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க."

"சொல்லவா மேடம், அப்படியே?"

"அப்படியேதான்." எழுந்து சாவியை எடுத்தாள். "சேலம் வண்டி எத்தனை மணிக்கு?"

"இன்னும் அரை மணி கூட இல்ல மேடம்."

வெண்பா ஏற்கெனவே ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றிருந்தாள்.

"இவள கூட்டிட்டுப் போறேன் கனகா. நான் கூப்பிட்டா துர்கா இப்ப எறங்காது. இவ கூப்பிட்டா ஒருவேள எறங்கும்."

கனகா தலையாட்டினாள். மகள் அத்தையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதையும், வண்டி கேட்டைத் தாண்டி லாரிக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து போவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜங்ஷன் ரோட்டில் இந்த நேரத்துக்கு இருக்கும் நெரிசலை நினைத்ததும் கால் நிற்கவில்லை. மைதானத்தில் அங்கும் இங்கும் நடந்தாள்.

செல்போன் அடித்தது. பாலகிருஷ்ணன்.

"என்னா கனகா, சீட்டு கெடச்சுதா? காலையிலேர்ந்து ஒரு போனும் காணோம். நான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், பொண்ணு பெரிய ஸ்கூல்ல சேரப் போறான்னு."

"எங்க இருக்கீங்க?"

"பிளாட்பாரத்துல. இன்னைக்கு சேலம் வண்டி எனக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்துடுவோம். சொல்லு, கெடச்சுதா?"

கனகா நடையை நிறுத்தினாள். கிடைத்துவிட்டது என்று சொல்ல ஒரு நொடி போதும். இந்த இரண்டு மாதமாக அப்படித்தான் சொல்லிச் சொல்லி நாளைத் தள்ளியிருக்கிறாள்.

"கெடைக்கலங்க. அத விடுங்க. உங்க வண்டியில ஒரு பொண்ணு ஏறியிருக்கும். அம்மாவும் பொண்ணும். அந்தப் பொண்ண போக விடாதீங்க. அண்ணியும் வெண்பாவும் வந்துகிட்டே இருக்காங்க."

"யாரு பொண்ணு? வெண்பா எதுக்கு இங்க வரா? என்னா நடக்குது?"

"அண்ணி ஸ்கூல் பொண்ணு. நல்லா படிக்கலன்னு டி.சி. குடுத்துட்டாங்க, வேலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க." மூச்சு வாங்கியது. "நம்ம வெண்பாவுக்கும் அப்படித்தாங்க குடுத்தாங்க. மெட்ராஸ்ல. உங்ககிட்ட மறைச்சுட்டேன். மாத்தல் கேக்கச் சொன்னதே அதுக்குத்தான். அவ மேல தப்பில்ல. நான்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

எதிர்முனையில் ஒலிபெருக்கி ஏதோ வண்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. டீ விற்பவனின் குரல் நெருங்கி வந்து, கடந்து, தூரமாகப் போனது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கனகா காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"என்னங்க?"

"நம்ம விஷயத்த அப்புறம் பேசிக்கலாம்." அப்படி ஒரு குரலை அவனிடம் அவள் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்பது மூச்சில் தெரிந்தது. "இன்னும் சிக்னல் விழல. பொட்டி பொட்டியா பார்க்கணும். அந்தப் பொண்ணு பேரு என்னா?"